லொறி இரவில் எங்கே நிற்கலாம்? மட்டக்களப்பு, அம்பாறைச் சரக்கு லொறி உரிமையாளர்களுக்கு ஓர் ஒப்பீடு

கொழும்பில் மாலையில் சரக்கேற்றிய லொறி மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ விடியும் முன்பே வந்து சேர்ந்துவிடுகிறது. கடை திறக்க எட்டு மணி, ஒன்பது மணி ஆகும். மூடை இறக்கும் நாட்டாமைகள் அதற்குப் பிறகுதான் வருவார்கள். இடையில் இருக்கும் நாலைந்து மணி நேரம் பல இலட்சம் ரூபாய்ச் சரக்கு ஒரு தறப்பாளுக்கும் ஒரு கயிற்றுக்கும் உள்ளே வீதியோரம் கிடக்கிறது. வெள்ளிக்கிழமையோ போயா தினமோ குறுக்கிட்டால் அந்தக் காத்திருப்பு இன்னும் நீளும். இரவெல்லாம் ஓட்டிவந்த சாரதி முன்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருப்பார். அவர் உள்ளே இருக்கிறார் என்பதையே பாதுகாப்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இரண்டு லொறி, மூன்று லொறி வைத்துத் தொழில் செய்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களுக்குச் சொந்த வளவும் காவலும் கண்காணிப்பு அறையும் இருக்கின்றன. சிறிய உரிமையாளர் ஒவ்வொரு மாதமும் கையில் மிஞ்சும் காசை எதில் போடுவது என்று யோசிக்க வேண்டியவர். ஜிபிஎஸ் பூட்டுவதா, கமரா வாங்குவதா, வளவு வாடகைக்கு எடுப்பதா, காப்புறுதி எடுப்பதா, அல்லது எதுவும் செய்யாமல் சாரதியை நம்பி விடுவதா? முதற் காசு இடத்துக்கும் மனிதருக்கும் போக வேண்டும், கருவிகள் அதற்குப் பிறகு வரட்டும் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைக் கணக்கோடு சொல்கிறேன்.

போவது என்ன, எப்படி

எங்கள் பக்கத்தில் லொறியையே கடத்திக்கொண்டு போவது அபூர்வம். போவதெல்லாம் சிறிது சிறிதாகத்தான்: ஒரு மூடை அரிசி, ஒரு பெட்டி பால்மா, தாங்கியிலிருந்து உறிஞ்சிய டீசல், ஒரு பற்றரி, மேலதிகமாகக் கொண்டுபோகும் ஒரு டயர். 2022 இல் டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் தாங்கி மூடிக்குப் பூட்டுப் போடப் பழகினார்கள். வரிசை ஓய்ந்ததும் பலர் அந்தப் பூட்டையும் மறந்துவிட்டார்கள்.

சிறிய களவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2024 டிசம்பரில் அரசு வர்த்தமானியில் அறிவித்த உச்ச சில்லறை விலை நாட்டரிசிக்குக் கிலோ 230 ரூபாய். அந்த விலையில் 25 கிலோ மூடை 5,750 ரூபாய். இரண்டு மூடை குறைந்தால் 11,500 ரூபாய் உங்கள் கூலியில் கழியும். அதைவிடப் பெரிய நட்டம் கடைக்காரர் அடுத்த முறை வேறு லொறியைக் கூப்பிடுவது.

களவு மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, நிற்கும் லொறியில் தறப்பாளைக் கிழிப்பது. இரண்டாவது, ஏற்றத்திலும் பழுதான வீதியிலும் லொறி ஊர்ந்து போகும்போது பின்னால் தொற்றி ஏறி மூடையைத் தள்ளுவது. கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுப் பாதை போன்ற இடங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். அங்கே ஏறும்போதும் இறங்கும்போதும் லொறி நடக்கும் வேகத்தில்தான் போகும். மூன்றாவது வழியைப் பற்றிப் பேசவே பலர் விரும்புவதில்லை. லொறி எங்கே நிற்கும், எப்போது நிற்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்த ஒருவர் வெளியாளுக்குச் சொல்வதுதான் அது. ஏற்றும் இடத்தில் இருப்பவராகவும் இருக்கலாம், நம்மோடு வேலை செய்பவராகவும் இருக்கலாம். எந்த ஏற்பாட்டை எடைபோட்டாலும் இந்த மூன்றில் எதை அது தடுக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் தடுக்கும் ஒன்று கிடையாது.

வீதியோரமும் பெற்றோல் செட்டும்

காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை கரையோரப் பிரதான வீதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வீடும் கடையும் வீதியை ஒட்டியே இருக்கின்றன. பெரிய லொறி ஒதுங்குவதற்கு இடம் குறைவு. அதனால் பாதி சக்கரம் தாரிலும் பாதி மண்ணிலுமாக நிறுத்துகிறார்கள். களவை விடுங்கள், இரவில் பின்விளக்கோ ஒளிதெறிக்கும் பட்டியோ இல்லாமல் நிற்கும் லொறியில் மோட்டார் சைக்கிள் வந்து மோதினால் ஓர் உயிர் போகும். வீதியோரம் இலவசம் என்று சொல்பவர்கள் இதையும் விலையில் சேர்க்க வேண்டும்.

கோவில் முன், பள்ளிவாசல் முன், சந்தியில் இரவுக்கடை முன் என்று ஆள் நடமாட்டம் உள்ள இடங்களைத் தேர்ந்தெடுப்பது பழைய வழக்கம். ஓரளவு பயனும் உண்டு. ஊர்க்கண் பெரிய காவல். ஆனால் அது இரவு பன்னிரண்டு மணிவரைதான் விழித்திருக்கும். இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் எந்தச் சந்தியும் வெறிச்சோடிக் கிடக்கும். பள்ளிவாசல் காவலாளியிடம் உங்கள் சரக்குக்குப் பொறுப்பேற்கச் சொல்வதும் நியாயமில்லை.

வெலிக்கந்தைக்கும் புனானைக்கும் இடையில் ஒதுங்கி உறங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது யானை நடமாடும் பகுதி. நெல்லும் அரிசியும் வத்தகப்பழமும் ஏற்றிய லொறியின் வாசனை யானையை இழுக்கும். ஹபரணை, மின்னேரியா பக்கமும் அப்படித்தான். சரக்கை விடவும் உள்ளே படுத்திருப்பவரின் உயிரை நினைத்து அங்கே நிற்கக் கூடாது.

பெற்றோல் செட்டில் வெளிச்சம் இருக்கிறது, கமரா இருக்கிறது, பெரும்பாலும் ஓர் ஆளும் இருக்கிறார். வழக்கமாக அங்கேயே டீசல் அடிப்பவருக்கு முகம் கொடுப்பார்கள். வழியில் இரண்டு மூன்று மணி நேரம் கண்ணயர்வதற்கு, பொலன்னறுவையிலோ வாழைச்சேனையிலோ தெரிந்த ஒரு செட் இருப்பது பெரிய உதவி. முழு இரவுக்கு அது சரிவராது. எரிபொருள் பவுசர் வந்தால் லொறியை எடுக்கச் சொல்வார்கள். கமரா அவர்களுடைய பம்பைப் பார்க்கிறது, உங்கள் லொறியின் பின்பக்கத்தைப் பார்ப்பதில்லை. மூடை போனால் யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை.

நிற்காமலே இருக்க முடியுமா?

இரண்டு சாரதிகளை வைத்து நிற்காமல் ஓட்டுவது சிலருடைய தீர்வு. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பேலியகொடை மீன் சந்தைக்குப் போகும் ஐஸ் லொறிகளுக்கு வேறு வழியில்லை. மீன் காத்திருக்காது. உலர்ந்த சரக்குக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது சாரதிக்கும் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் உதவியாளரையே இரண்டாம் சாரதி ஆக்கினால் இருவருமே உறக்கமில்லாமல் ஓட்டுவார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும் என்றும், ஒரு நாளைக்கு வழக்கமாக ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம் என்றும் 2006 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி சொல்கிறது. அந்த ஓய்வு கட்டாயம் என்பதால்தான் பாதுகாப்பான தரிப்பிடம் அங்கே பெரிய விடயமாகியது. 2022 இல் லொறித் தரிப்பிடங்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நான்கு தரங்களை வகுத்தார்கள். சரக்குக் களவைத் தடுக்க 1997 இல் தொடங்கிய டாப்பா என்ற அமைப்பும் தரிப்பிடங்களுக்குத் தனி நியமம் வைத்திருக்கிறது. இவற்றின் சாரம் நமக்கும் விளங்கக்கூடியதுதான்: சுற்றுமதில் அல்லது வேலி, நிழல் விழாத வெளிச்சம், உள்ளே வருபவரையும் வெளியே போபவரையும் பதியும் ஒரே வாயில், கமரா, பொறுப்பான ஆள், சாரதிக்குக் கழிவறையும் தண்ணீரும். கடைசியில் சொன்னதை நான் முதலில் வைப்பேன். நுளம்புக்கடியிலும் வெக்கையிலும் மூத்திரம் போக இடமில்லாமல் கிடப்பவரால் எதையும் காவல் காக்க முடியாது.

நிற்கும் நேரத்தைக் குறைக்க இன்னொரு வழி இருக்கிறது. காசே செலவில்லாதது, ஆனால் மிகக் குறைவாகவே முயன்று பார்க்கப்படுகிறது. கடைக்காரரோடு பேசி இறக்கும் நேரத்தை மாற்றுவதுதான் அது. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சாய்ந்தமருது வர்த்தகர்கள் பலர் சுபஹ் தொழுகைக்கு எழுந்துவிடுகிறார்கள். "காக்கா, ஐந்தரைக்கு லொறி வாசலில் நிற்கும், களஞ்சியத்தை மட்டும் திறந்துவிடுங்கள், நாட்டாமைக் கூலியில் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். வாரத்தில் இரண்டு பேர் ஒத்துக்கொண்டாலே காத்திருக்கும் மணித்தியாலங்கள் பெரிதாகக் குறையும். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, விடியும் முன்பே வந்து நிற்காமல் கடை திறக்கும் நேரத்துக்கு வந்து சேரும்படி வழியில் பாதுகாப்பான இடத்தில் தரித்து வரலாம்.

ஆலை வளவும் சொந்த வளவும்

என் மனதில் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் மட்டக்களப்பின் பல இடங்களிலும் அரிசி ஆலைகள் இருக்கின்றன. நல்ல ஆலைக்கு மதில் இருக்கும், இரும்புக் கேற் இருக்கும், நெல் காயப்போடும் சீமெந்துத் தளம் இருக்கும், காவலாளி இருப்பார். பெரிய ஆலைகளில் லொறியோடு நிறுக்கும் தராசும் இருக்கும். அதாவது தரிப்பிடத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. இரவில் அந்தத் தளம் வெறுமையாகக் கிடக்கிறது.

சொந்தமாக ஒரு வளவை வாடகைக்கு எடுத்தால் எல்லாம் உங்கள் சொற்படி நடக்கும். ஆனால் மதிலும் வெளிச்சமும் காவலும் உங்கள் செலவு. ஒரு மாதிரிக் கணக்குப் பார்ப்போம். எட்டு லொறிகள் கூட்டாக ஒரு வளவு எடுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய். இரவு விழித்திருக்கும் வேலைக்கு அந்தச் சம்பளத்தில் நல்ல ஆள் கிடைப்பது கடினம். ஆளுக்கு 40,000 வைப்போம். மாறிமாறி வேலை செய்ய இருவருக்கு 80,000. ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் என்று உரிமையாளர் பங்கு 12,000. வாடகை 40,000, மின்சாரமும் சில்லறையும் 10,000 என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 142,000. எட்டாகப் பிரித்தால் லொறிக்கு மாதம் 17,750 ரூபாய். மூன்று மூடை நாட்டரிசியின் விலைக்குச் சற்று மேல்.

இப்போது ஆலை வளவு. தனியாகப் போய் இரவுக்கு 500 ரூபாய் கொடுத்து நிறுத்தினால், மாதம் இருபது இரவுக்கு 10,000. ஆனால் நீங்கள் அங்கே விருந்தாளிதான். அறுவடைக் காலம் வந்தால், பெரும்போக நெல் வரும் பெப்ரவரி, மார்ச்சிலும் சிறுபோக நெல் வரும் ஆகஸ்டிலும், தளம் முழுவதும் நெல் கிடக்கும். உங்களுக்கு இடம் இருக்காது. உங்கள் லொறிக்கு அதிக வேலை இருக்கும் மாதங்களும் அவைதான்.

அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைச் சொல்கிறேன். எட்டு உரிமையாளர்கள் சேர்ந்து ஓர் ஆலை முதலாளியோடு வருட ஒப்பந்தம் எழுதுவது. தளத்தில் ஒரு மூலையை, எட்டு லொறி நிற்கும் அளவுக்குக் கோடு போட்டு, அறுவடை மாதங்களிலும் விட்டுத்தர வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அதற்கு மாதம் 30,000 கொடுக்கலாம். ஆலையில் ஏற்கெனவே இருக்கும் காவலாளியோடு இரவுக்கு இன்னொருவரை நாம் போடுவோம். அவருக்கு 40,000, நிதிகளுக்கு 6,000. மொத்தம் 76,000. லொறிக்கு 9,500 ரூபாய். தனியாக இரவுக் கட்டணம் கொடுப்பதை விடவும் குறைவு, சொந்த வளவில் ஏறத்தாழப் பாதி. நமக்காக ஓர் ஆள் விழித்திருக்கிறார் என்பது இதில் பெரிய இலாபம். ஆலை முதலாளிக்கும் சம்பளச் செலவில்லாமல் இரண்டாவது காவலாளி கிடைக்கிறார்.

வாடகையும் ஆலைக் கட்டணமும் நான் உதாரணத்துக்கு வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். ஆலை முதலாளி 30,000 க்குப் பதிலாக 90,000 கேட்டால் லொறிக்கு 17,000 ஆகும், சொந்த வளவின் பக்கத்தில் வந்துவிடும். அப்போது சொந்த வளவே நல்லது. மாதம் ஐந்தாறு இரவுதான் நிற்கிறீர்கள் என்றால் கூட்டு ஒப்பந்தமும் தேவையில்லை, இரவுக் கட்டணம் போதும்.

ஆலைத் தராசைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே வரும்போது ஒரு முறையும் வெளியே போகும்போது ஒரு முறையும் நிறுத்துச் சீட்டு வாங்கினால் சரக்குக் குறைந்ததா என்ற சண்டையே வராது என்று சொல்வார்கள். பாதி சரி. பெரிய தராசுகள் பெரும்பாலும் 10 கிலோ அல்லது 20 கிலோப் படியில்தான் காட்டும். ஒரு 25 கிலோ மூடையின் குறைவை அதில் உறுதியாகப் பிடிக்க முடியாது. மழையில் நனைந்த தறப்பாளே அந்த எடையை ஈடுகட்டிவிடும். மூன்று நாலு மூடை போனால் தெரியும். ஆகவே தராசுச் சீட்டோடு மூடை எண்ணிக்கையும் வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மேடா பள்ளமா என்று பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் காரைதீவு, மாவடிப்பள்ளி, சம்மாந்துறைப் பக்கம் வயல்நீர் வீதிக்கே ஏறிவிடும். வயலை நிரப்பிக் கட்டிய வளவில் இரவோடிரவாக லொறித் தட்டு மட்டத்துக்குத் தண்ணீர் வந்தால் அடியில் ஏற்றிய சீமெந்து மூடைகள் கல்லாகிவிடும். அதே மாதங்களில் மகாவலி பெருகி மன்னம்பிட்டிப் பக்கம் வீதி மூடப்படுவதும் உண்டு. அப்போது லொறிகள் வரிசையில் ஒரு நாளுக்கு மேலும் சிக்கிக் கிடக்கும். பொலன்னறுவையில் ஒன்றும் வாழைச்சேனையில் ஒன்றுமாக, கதவு தட்டினால் திறக்கும் இரண்டு வளவுகளை மாரி தொடங்கும் முன்பே பேசி வையுங்கள்.

தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இந்தக் கரையில் எட்டு லொறிக்காரர்கள் ஒரு வளவில் சேர்வது என்றால் பெரும்பாலும் கலந்துதான் சேர்வார்கள். அதில் நடைமுறை நன்மையும் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்திலும் நோன்புப் பெருநாளிலும் ஒரு பகுதியினர் பார்த்துக்கொள்ளலாம். பொங்கலிலும் கோவில் தீமிதிப்பிலும் மறு பகுதியினர் பார்த்துக்கொள்ளலாம். வளவு ஒருநாளும் ஆளில்லாமல் கிடக்காது. இப்படி ஒன்று நம் பகுதியில் ஊருக்கு ஊர் உருவாக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கருவிகளில் எது முதலில்

ஜிபிஎஸ் லொறி எங்கே என்று சொல்லும். மூடை எங்கே என்று சொல்லாது. இதை மறந்துதான் பலர் முதல் செலவாக அதை வாங்குகிறார்கள். லொறி பாதை மாறினால், குறித்த எல்லைக்கு வெளியே நின்றால், பற்றரி கழற்றப்பட்டால் கைபேசிக்கு எச்சரிக்கை வரும். சாரதி சொன்ன இடத்தில்தான் நின்றாரா என்று பார்க்கலாம். பாதையிலும் உள்ளிருந்தும் வரும் களவுக்கு அது உதவும். நிற்கும் லொறியில் தறப்பாளைக் கிழிப்பவனை அது காணாது. இன்னொன்றும் கேட்க வேண்டும்: இரவு மூன்று மணிக்கு எச்சரிக்கை வந்தால் எழுந்து பார்ப்பது யார்? அதற்கு ஒருவர் பெயர் இல்லை என்றால் மாதக் கட்டணம் வீண்.

தறப்பாள் லொறிக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது இரும்புக் கம்பி வடம். எல்லை கடக்கும் லொறிகளுக்கான டீஐஆர் என்ற சர்வதேச சுங்க ஏற்பாடு 1975 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நடக்கிறது. அதில் தறப்பாள் வளையங்கள் எல்லாவற்றின் ஊடாகவும் இடையில் முடிச்சில்லாத ஒரே வடம் போக வேண்டும். அதன் இரு முனைகளும் ஓரிடத்தில் சந்தித்து அங்கே முத்திரை விழ வேண்டும். இந்த யோசனையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பூசிய கம்பி வடம், வளையம் தைத்த கனமான தறப்பாள், எண்ணிட்ட ஒரு முத்திரை. தறப்பாளைக் கிழிக்க இன்னமும் முடியும். ஆனால் அவிழ்த்து எடுத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் திரும்பக் கட்ட முடியாது. உள்ளிருந்து நடக்கும் களவுக்கு இதுவே பெரிய தடை.

கொள்கலனுக்கும் மூடிய பெட்டி லொறிக்கும் முத்திரை வாங்கும்போது ஐஎஸ்ஓ 17712 என்ற நியமத்தைப் பாருங்கள். அது முத்திரைகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. உயர் பாதுகாப்பு வகையில் 'எச்' எழுத்து பொறித்திருக்கும். அதை வெட்டுவதற்குப் பெரிய கம்பி வெட்டி வேண்டும். முத்திரை எண்ணை ஏற்றும் இடத்திலேயே கைபேசியில் படம் எடுத்து, சாரதிக்கு முன்பாகவே கடைக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். கதவின் பிணைச்சல்களையும் பாருங்கள். முத்திரையைத் தொடாமல் பிணைச்சலைக் கழற்றிக் கதவைத் திறப்பதும் அறிந்த வித்தைதான்.

டீசல் மூடிப் பூட்டும் பற்றரிக்கு இரும்புக் கூடும் மலிவானவை, உடனே போடலாம். வளவில் நிறுத்தும்போது பின்கதவு மதிலோடு ஒட்டி நிற்கட்டும். மதில் இல்லாவிட்டால் இரண்டு லொறிகளின் பின்பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தலாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. கமரா இந்த வரிசையில் கடைசியில் வருகிறது. மின்சாரம் போனாலும் ஓடும்படி இருந்தால், பதிவுப் பெட்டி பூட்டிய அறையில் இருந்தால், வாயிலையும் லொறிகளின் பின்பக்கத்தையும் காட்டினால் வாங்கலாம்.

எந்தக் கருவியும் தடுக்காத ஒரு களவு தொலைபேசியில் வரும். "கடை மாறிவிட்டது, சரக்கை இன்ன களஞ்சியத்தில் இறக்குங்கள்" என்று ஒருவர் கடைக்காரர் பெயரில் சாரதியை அழைப்பார். இடம் மாற்றும் அழைப்பு யாரிடமிருந்து வந்தாலும், சாரதி உரிமையாளரைக் கேட்க வேண்டும். உரிமையாளர் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் இலக்கத்துக்கு அழைத்து உறுதிசெய்ய வேண்டும். வந்த இலக்கத்துக்கே திரும்ப அழைப்பதில் பயனில்லை.

சாரதியும் காப்புறுதியும்

மூடை குறைந்தால் சாரதி சம்பளத்தில் வெட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். வெட்டு விழும் என்று தெரிந்தவர் களவு நடந்ததைச் சொல்லத் தயங்குவார், விடிந்த பிறகு சொல்வார், அல்லது வேறிடத்தில் எடுத்து நிரப்பப் பார்ப்பார். மூடையை எண்ணிக் கையொப்பமிட்டு ஒப்படைப்பது அவரைப் பாதுகாக்கும் ஏற்பாடு. ஏற்றும்போது ஒரு எண்ணிக்கை, வளவுக்குள் வந்ததும் முத்திரை எண், இறக்கும்போது ஒரு எண்ணிக்கை என்று பதிந்தால் எந்த இடத்தில் குறைந்தது என்பது தெரிந்துவிடும். கூலி கொடுத்து வேலைக்கு வைத்த மனிதரைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே அவரிடம் இலட்சக்கணக்கான சரக்கைக் கொடுத்தனுப்புவது இரு பக்கத்துக்கும் வேதனை.

லொறிக்கு எடுத்திருக்கும் முழுக் காப்புறுதி உள்ளே இருக்கும் சரக்கைப் பொதுவாகக் காக்காது. சரக்குக்குத் தனி உறுதிப்பத்திரம் வேண்டும். சரக்குக் காப்புறுதியில் ஏ, பி, சி என்று மூன்று வாசகத் தொகுதிகள் வழக்கில் இருக்கின்றன. களவு இயல்பாக அடங்குவது ஏ தொகுதியில்தான். பி, சி தொகுதிகள் மலிவானவை, ஆனால் களவைத் தனியாகச் சேர்க்காவிட்டால் ஒன்றும் கிடைக்காது. ஆளில்லாமல் விட்ட வாகனத்திலிருந்து போன சரக்குக்கு இழப்பீடு இல்லை என்ற வாசகமும் பல உறுதிப்பத்திரங்களில் இருக்கும். சாரதி தேநீர் குடிக்கப் போன பத்து நிமிடம் அதில் அடங்குமா? மதிலும் காவலும் உள்ள ஆலை வளவில் நிற்பது 'ஆளுள்ள' நிலையாகக் கொள்ளப்படுமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் முகவரின் வாய்வார்த்தையை ஏற்காமல், நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏற்றுக்கொண்டால் கட்டணத்தைக் குறைக்கவும் கேட்கலாம். எட்டுப் பேர் சேர்ந்து கேட்டால் மறுப்பது அவர்களுக்குக் கடினம்.

வளவுச் சீட்டையும் வாசியுங்கள். 'உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சடித்த சீட்டைக் கொடுத்துவிட்டுக் காவலுக்கும் காசு வாங்கும் இடங்கள் உண்டு. ஒப்பந்தத்தில் உள்ளே வந்த நேரம், முத்திரை எண், வெளியே போன நேரம் மூன்றையும் பதிந்து இரு தரப்பும் கையொப்பமிடும் புத்தகம் ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். காவலாளி உறங்கி, இந்தப் புத்தகத்தில் ஓர் இரவு வெறுமையாக இருந்தால் அந்த மாதக் கட்டணத்தில் எவ்வளவு குறையும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுவது நல்லது.

களவு நடந்துவிட்டால் லொறியை நகர்த்தாதீர்கள், தறப்பாளைத் திரும்பக் கட்டாதீர்கள். கிழிந்த இடத்தையும் முத்திரையையும் நிலத்தில் கிடப்பதையும் படம் எடுங்கள். 119 க்கு அழைத்துவிட்டு, அந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில் அன்றே முறைப்பாடு பதியுங்கள். வெலிக்கந்தையில் நடந்ததைக் கல்முனைக்கு வந்த பிறகு முறையிட்டால் அலைச்சல்தான் மிஞ்சும். முறைப்பாட்டின் பிரதியோடு, ஏற்றிய சீட்டு, வளவுப் புத்தகத்தின் பக்கம், ஜிபிஎஸ் பதிவு ஆகியவற்றை உறுதிப்பத்திரத்தில் சொன்ன கால எல்லைக்குள் காப்புறுதி நிறுவனத்துக்குக் கொடுங்கள். அந்த எல்லை எத்தனை நாள் என்பதை இன்றே பார்த்து, லொறியின் முன்கண்ணாடிக்கு மேலே ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்.